ஒரு பீப் என்றால் ஆமாம்

நான் வேலை பார்த்த அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் என்னை வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவனை நீக்கினால் மனம் கஷ்டப்படும் என்று நினைத்திருக்கலாம், அல்லது நீக்க மறந்திருக்கலாம். போன வாரம் அதில் ஒரு செய்தி வந்தது. ஒரு வாடிக்கையாளரின் சர்வரில் ஏதோ மென்பொருள் பாதியில் நின்றுவிட்டதாம். நம் பிள்ளைகள் அந்த சர்வரையே கழற்றி வீசிவிட்டு, அதே மாதிரி புதிதாக ஒன்றை கிளவுடில் எழுப்பிக் கொடுத்துவிட்டார்களாம். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். என்ன கோளாறு என்று கண்டுபிடித்தீர்களா என்று நான் கேட்டேன். "அது எதுக்கு அங்கிள், அதான் புதுசு வந்துருச்சே" என்று இப்போது அங்கே வேலை பார்க்கிற திவ்யா பதில் போட்டாள், பக்கத்தில் ஒரு சிரிப்பு முகத்தோடு.

எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன நோய் என்று பார்க்காமலே ஆளை மாற்றிவிடுகிற ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது? ஆனால் அந்தப் பெண் கெட்டிக்காரி. என் கோபம் தெரிந்துவிட்டது போல, தனியாக இன்னொரு செய்தி அனுப்பினாள். அந்தக் காலத்தில் நீங்கள் எப்படித்தான் செய்தீர்கள், எழுதுங்கள் என்று. கேட்டுவிட்டாள் அல்லவா, இனி படிக்காமல் தப்பிக்க முடியாது.

என் ஊர் பண்டமாரான், கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில். அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். டிப்ளோமா முடித்து, தலைநகரத்தின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்னக் கணினி நிறுவனத்தில் சேர்ந்தேன். கிளினிக், ஜவுளிக்கடை, ஹார்ட்வேர் கடை என்று வாடிக்கையாளர்கள் பலவகை. அவர்களுடைய கணினிகளில் லினக்ஸ் போட்டுக் கொடுத்து, அது படுத்துக்கொண்டால் போய் எழுப்பிவிடுவது எங்கள் வேலை. மவுஸைத் தொடக் கூடாது. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டித்தான் எல்லாம் நடக்கும். மதியம் ஆனால் கீழேயிருந்து ரசம் வாசனை வரும், அந்த நேரத்தில் எவனுக்கும் கட்டளை ஓடாது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

சொல்ல வேண்டியது பரமேஸ்வரி மேடத்தைப் பற்றி. எங்கள் பிரிவுக்குத் தலைவி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பாவும் தாத்தாவும் அரசாங்க உத்தியோகம். மேடமும் ஒரு அரசாங்க இலாகாவில் கணினி பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவர். யாரையும் "நீர்" என்றுதான் கூப்பிடுவார். கையில் எப்போதும் பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி ஓ, பால் சேர்க்காத கோப்பி, அதில் ஒரு ஸ்ட்ரா. நாம் கட்டளையைத் தட்டி முடித்து என்டரை அழுத்தப் போகும்போது பின்னாலிருந்து அந்த ஸ்ட்ரா உறிஞ்சும் சத்தம் கேட்கும். உடனே கை நின்றுவிட வேண்டும்.

"இப்ப இது உமக்கு என்ன பதில் சொல்லும்?" என்று கேட்பார்.

பதில் வருவதற்கு முன்னால் பதிலைச் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் என்டரை அழுத்த அனுமதி கிடையாது, எழுதியதை அழித்துவிட்டு வேறு கேள்வி கேட்க வேண்டும். அதுவும் எப்படிப்பட்ட கேள்வி? ஆமாம், இல்லை என்று இரண்டே பதில் வருகிற மாதிரி சின்னக் கேள்வி. "என்ன கோளாறு" என்று மெஷினைக் கேட்காதே. டிஸ்க் நிறைந்துவிட்டதா என்று கேள், இந்த பேக்கேஜ், அதாவது இந்த மென்பொருள் பொட்டலம், முழுசாக இருக்கிறதா என்று கேள். புதிதாகச் சேர்ந்தபோது இதெல்லாம் பெரிய அறுவையாக இருந்தது. ஒரு கட்டளைக்கு ஒரு வாய்மொழித் தேர்வு வைத்தால் எப்போது வீட்டுக்குப் போவது?

பந்திங் ஊரில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போனபோது எனக்கு நன்றாகத் திட்டு விழுந்தது. புதிய பேக்கேஜ் எதையும் போட முடியவில்லை, வேறு யாரோ பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று மெஷின் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் வீரமாக அந்தப் பூட்டுக் கோப்பை அழிக்கப் போனேன். ஸ்ட்ரா சத்தம் கேட்டது. "கக்கூஸ் கதவு பூட்டியிருந்தா உள்ள ஆள் இருக்கோ எண்டு தட்டிப் பாரும். எடுத்த எடுப்புல கதவை உடைப்பீரோ?" என்றார் மேடம். கடைக்காரர், அவர் மனைவி, ஆணி வாங்க வந்தவர் எல்லோரும் சிரித்தார்கள். தட்டிப் பார்த்தேன். உள்ளே ஆள் இருந்தது. வேறொரு ஜன்னலில் தொடங்கிய அப்டேட் ஒன்று அதன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. ஹேங் ஆகிவிட்டது மேடம் என்றேன்.

"ஹேங் எண்டு சொல்லாதீர். அது உம்மட்ட ஏதோ கேட்டுட்டு நிக்குது. என்னத்தைக் கேட்டது எண்டு முதல்ல பாரும்."

பார்த்தேன். தொடரலாமா என்று கேட்டுவிட்டு, காலையிலிருந்து பதிலுக்காக நின்றிருக்கிறது பாவம். கடைக்காரர் அந்த ஜன்னலைக் கீழே தள்ளிவிட்டு பில் போட்டுக்கொண்டிருந்தார். ஆமாம் என்பதற்கு ‘ஒய்’ எழுத்தை அழுத்தினேன், ஓடியது. திரும்பி வரும் வழியில் மேடம் எனக்கும் ஒரு பை கோப்பி ஓ வாங்கிக் கொடுத்தார். அதுதான் அவர் மன்னிக்கிற முறை.

இனி தனபாலன் கதை. திவ்யா, இதற்காகத்தான் மேலே உள்ளதையெல்லாம் எழுதினேன்.

தனபாலன் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். பிறவியிலேயே பார்வை இல்லை. மனைவி கோமதிக்கும் பார்வை இல்லை, அங்கேயே ஒரு மசாஜ் நிலையத்தில் வேலை. பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. அந்தத் தெருக்களில் வெள்ளைக்கோலுக்கு வழிவிட்டு நடந்துதான் எல்லோரும் வளர்ந்திருப்பார்கள். எங்கள் அலுவலகம் கிள்ளானுக்கு மாறியபோது தனா வரவில்லை. தண்ணீர் ஃபில்டர் விற்கிற ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் சேர்ந்துகொண்டார். அவருக்கு நான் ஒரு பழைய கணினியைத் தயார் செய்து கொடுத்தேன். திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருளோடு.

கொடுத்த மறுநாளே ஒரு கிராப் வாடகைக் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. உள்ளே நான் கொடுத்த மானிட்டர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. போன் பண்ணிக் கேட்டேன். "எங்க ரெண்டு பேருக்கும் அது எதுக்குண்ணே? மேசையில இடத்தை அடைக்குது" என்றார் தனா. மானிட்டர் இருந்த இடத்தில் கோமதி ரைஸ் குக்கரை வைத்துவிட்டாளாம். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அந்த வீட்டில் டிவியும் இல்லை, கேமரா வைத்த போனும் இல்லை. ரேடியோவும் இரண்டு பட்டன் போனும்தான்.

கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்த வருடம். மசாஜ் நிலையத்தை மூடிவிட்டார்கள், கோமதிக்கு வருமானம் நின்றது. தனாவின் நிறுவனம் எல்லோரையும் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னது, ஆனால் தனாவின் சூப்பர்வைசருக்கு மட்டும் சந்தேகம். அலுவலகத்தில் என்றால் பக்கத்தில் ஆள் இருக்கும், வீட்டில் தனியாக எப்படிச் சமாளிப்பார் என்று. கடைசியில் ஒரு நாள் சோதனை வைத்தார். நான் கொடுத்த கணினி வழியாக மதியம் இரண்டு மணி ஷிப்டுக்குள் நுழைந்து, ஒழுங்காக அழைப்புகளை எடுத்தால் வேலை தொடரும். முடியவில்லை என்றால் சம்பளமில்லாத விடுப்பு, எப்போது திரும்பக் கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அன்று காலையில் தனா என்ன செய்தார் தெரியுமா? நம்மவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். ஒரு நல்ல காரியத்துக்குப் போகுமுன் காரைக் கழுவிப் பொட்டு வைக்கிற இனமல்லவா நாம். கீபோர்டைத் துடைத்தார். கோமதி பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மெஷினும் உள்ளுக்குள் சுத்தமாக இருக்கட்டும் என்று தனா எல்லா பேக்கேஜ்களையும் அப்டேட் பண்ணினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காலில் விழுந்தாவது தடுத்திருப்பேன். முக்கியமான நாளில் ஓடுகிற மெஷினைத் தொடவே கூடாது.

பாதியில் குரல் நின்றுபோனது. கொஞ்ச நேரம் காத்திருந்தார், சத்தமே இல்லை. ஹேங் ஆகிவிட்டது என்று சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டார். விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. மெஷின் ஊமையாகிவிட்டது. அதன் பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

"குணாண்ணே, பெட்டி பேச மாட்டேங்குது. ரெண்டு மணிக்கு நான் உள்ள போகணும். நீங்க வர முடியுமா?"

எப்படிப் போவது? நான் கிள்ளானில், அவர் பிரிக்பீல்ட்ஸில், நடுவில் போலீஸ் தடுப்பு. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லலாம் என்றால், படிக்க மானிட்டரே இல்லை. நெட் வழியாக நான் உள்ளே நுழையலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு அவர் மெஷினில் ஒரு பேக்கேஜ் போட வேண்டும். பேக்கேஜ் போடுகிற வேலைதான் பாதியில் அறுந்து கிடக்கிறது. தனாவால் கட்டளை தட்ட முடியும், என்னைவிட வேகமாகவே தட்டுவார். வருகிற பதிலைத்தான் இரண்டு பேராலும் பார்க்க முடியாது.

ஒரு நிமிடம் பொறுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு யோசித்தேன்.

அந்தப் பெட்டி பழசு என்று சொன்னேன் அல்லவா. பழைய பெட்டிகளுக்குள் ஸ்பீக்கரைத் தவிர, பீப் என்று கத்துகிற ஒரு சின்ன பொத்தான் மாதிரியான சாமான் இருக்கும். கறுப்புத் திரைக்குப் போகும் மூன்று விசைகளை அழுத்தச் சொன்னேன். பெயரைத் தட்டி, கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே போகச் சொன்னேன். இப்போது எதுவும் எழுதாமல் பேக்ஸ்பேஸை மட்டும் தட்டுங்கள் என்றேன். அழிப்பதற்கு ஒன்றும் இல்லை என்றால் கறுப்புத் திரை முறைத்துக்கொண்டு பீப் அடிக்கும்.

போனில் எனக்கே கேட்டது. பீப்.

"இருக்குதுண்ணே. உள்ளதான் இருக்குது" என்றார் தனா. கோமதி பின்னால் முருகா என்றது கேட்டது.

எனக்கு உடனே பரமேஸ்வரி மேடத்தின் ஞாபகம் வந்தது. ஆமாம், இல்லை என்று இரண்டே பதில். ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னாலும் ஒரு வாலைச் சேர்த்தோம்: ஆமாம் என்றால் ஒரு பீப், இல்லை என்றால் இரண்டு பீப். எழுத்துத் தவறிப்போனாலும் இரண்டு பீப்தான் வரும். அதனால் ஒவ்வொரு "இல்லை"யையும் தலைகீழாகத் திருப்பி மறுபடி கேட்டோம். தனா எழுத்து எழுத்தாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே தட்டினார். என்டருக்கு முன்னால் நான் அவரிடம், இதற்கு எத்தனை பீப் வரும் என்று எதிர்பார்ப்பதைச் சொன்னேன். கோப்பி ஓ மட்டும்தான் இல்லை.

டிஸ்க் நிறைந்துவிட்டதா? இரண்டு பீப். இடம் மிச்சம் இருக்கிறதா? ஒரு பீப். பாதியில் நிற்கிற பேக்கேஜ் ஏதாவது இருக்கிறதா? ஒரு பீப். அதில் பேசுகிற பேக்கேஜ் உண்டா? ஒரு பீப். அதைத் தவிர வேறு உண்டா? இரண்டு பீப். அது ஒன்று மட்டும்தானா? ஒரு பீப். எல்லாம் நான் நினைத்த மாதிரியே வந்தது, எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட ஏறிவிட்டது. பாதியில் நின்றதை முடித்து வை என்று ஒரு கட்டளை உண்டு, அதைத் தட்டினால் வேலை முடிந்தது.

"டி, பி, கே, ஜி. ஸ்பேஸ். ரெண்டு டேஷ். கன்ஃபிகர். ஸ்பேஸ். ஒரு டேஷ், ஏ. பின்னால நம்ம வால்."

தட்டினார். என்டர். காத்திருந்தோம்.

ஒன்றும் வரவில்லை.

ஒன்றோ இரண்டோ, ஏதாவது ஒன்று வந்தே தீர வேண்டும். எதுவுமே வராமல் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பேக்ஸ்பேஸைத் தட்டச் சொன்னேன். அதற்கும் சத்தம் இல்லை. மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. தனா இதுவரைக்கும் என்னைவிடத் தைரியமாக இருந்தவர், இப்போது குரல் இறங்கிப்போனது.

"ஹேங் ஆயிருச்சுண்ணே. காலைலயும் இப்படித்தான் ஆச்சு. ஆஃப் பண்ணிப் போடவா?"

ம், பண்ணுங்க என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அவர் சொன்ன அந்த வார்த்தைதான் என்னைத் தடுத்தது. ஹேங். அது உம்மட்ட ஏதோ கேட்டுட்டு நிக்குது.

"தொடாதீங்க தனா. கையை எடுங்க" என்று கத்திவிட்டேன். பாவம், பயந்துபோனார்.

என்ன கேட்டிருக்கும்? ஒரு பேக்கேஜைப் புதுப்பிக்கும்போது, அதன் செட்டிங் கோப்பை நாம் கையால் மாற்றி வைத்திருந்தால் மெஷின் மரியாதையாக நின்று கேட்கும். உன்னுடையதை வைத்துக்கொள்ளவா, புதிதாக வந்ததைப் போடவா என்று. நல்ல குணம்தான். ஆனால் பேச்சு பேக்கேஜைப் புதுப்பிக்கும்போது பேச்சையே நிறுத்திவிடுகிறது. வாயைக் கட்டிக்கொண்டு, மானிட்டர் இல்லாத வீட்டில், காலையிலும் இப்போதும் திரையில் எழுதிக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. இந்த உலகத்தில் வேறு எந்த வீடாக இருந்தாலும் அந்தக் கேள்வியை யாராவது பார்த்திருப்பார்கள்.

குரல் செட்டிங்கை எப்போதாவது மாற்றினீர்களா என்று தனாவைக் கேட்டேன். மாற்றினாராம். வந்த வேகம் போதவில்லை என்று தானே கோப்பைத் திறந்து மூன்று மடங்கு ஏற்றியிருக்கிறார். "அந்த வேகத்துல மனுசங்க யாராச்சும் கேப்பாங்களாண்ணே" என்று கோமதி பின்னாலிருந்து முறையிட்டாள்.

எனக்கு நிம்மதி வந்தது, கூடவே இன்னொரு கவலையும் வந்தது. இப்போது ‘ஒய்’ எழுத்து என்றால் மென்பொருளோடு வருகிற கம்பெனி செட்டிங், ‘என்’ எழுத்து என்றால் தனாவின் பழைய செட்டிங். பழையது புதிய பேக்கேஜோடு ஒத்துப்போகாவிட்டால் மறுபடி ஊமைதான், இரண்டாவது தடவை சரிசெய்ய நேரம் இல்லை. கம்பெனி செட்டிங் நிச்சயமாகப் பேசும். ஒய் தட்டுங்கள் தனா, ஆபத்தில்லாத வழி என்றேன்.

தனா தட்டவில்லை.

"அண்ணே, ஒரு காதுல கஸ்டமர் பேசுவாங்க, ஒரு காதுல மெஷின் பேசும். கம்பெனி வேகத்துல அது ஒரு வரி படிச்சு முடிக்கிறதுக்குள்ள கஸ்டமர் லைனைக் கட் பண்ணிட்டுப் போயிருவாங்க. அப்புறம் நான் உள்ள போயி என்ன பிரயோஜனம்? என்னோடதே இருக்கட்டும்லா."

சூப்பர்வைசருக்குத் தெரியாதது, ஏன், அந்த மெஷினைச் செய்து கொடுத்த எனக்கும் தெரியாதது அது. வேலை போகிறவர் அவர், முடிவும் அவருடையது. ‘என்’ எழுத்தைத் தட்டினார். என்டர்.

போனுக்கு இரண்டு பக்கமும் மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் கிள்ளான் வீட்டுச் சமையலறையில் நின்றபடி, ஊரில் உள்ள அத்தனை சாமிகளையும் கூப்பிட்டேன்.

பீப். ஒன்றுதான். இரண்டாவது வரவில்லை.

அணைத்துப் போடச் சொன்னேன். விசிறி சுற்றியது. பிறகு போனில் விர்ரென்று ஒரு சத்தம், பாசார் சந்தையில் மீன் ஏலம் விடுகிறவரை ஃபாஸ்ட் ஃபார்வேர்ட் பண்ணின மாதிரி. எனக்கு ஒரு எழுத்து புரியவில்லை. தனா சிரித்தார், கோமதி அழுதாள். நன்றிகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்கள், மணி ஒன்றே முக்கால் ஆகியிருந்தது.

அதன் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டு மணி ஆனது, மூன்று ஆனது. நுழைந்தாரா, மாட்டிக்கொண்டாரா? அவர் போனுக்கு அடித்தால் அணைத்து வைத்திருந்தார். வீட்டில் நான் நடந்த நடையைப் பார்த்து என் மனைவி, ஒன்று உட்காருங்கள், இல்லை மொட்டை மாடிக்குப் போய் நடங்கள் என்றாள். சாயங்காலம் பொறுக்க முடியாமல் அந்த ஃபில்டர் நிறுவனத்தின் சேவை எண்ணுக்கே அடித்தேன். மலாய்க்கு ஒன்று, இங்கிலீஷுக்கு இரண்டு, சீனத்துக்கு மூன்று, தமிழுக்கு நான்கு. அந்த ஷிப்டில் தமிழுக்குத் தனா ஒருவர்தான் என்று முன்பே சொல்லியிருந்தார். நான்கை அழுத்தினேன். பாட்டுப் போட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள்.

"வணக்கம், தனபாலன் பேசுகிறேன். உங்களுக்கு எப்படி உதவலாம்?"

பின்னால் அந்த விர்ர் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, ஃபில்டர் மாற்ற வேண்டும் என்றேன்.

என் குரல் அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு அதே அலுவலகக் குரலில், ஆனால் உள்ளே சிரிப்பு நிறைந்து வழிய, "சார், உங்க பேருல எங்க ஃபில்டர் எதுவும் பதிவாகலை. உங்க வீட்டுல பானைத் தண்ணிதான் குடிக்கிறீங்கன்னு நினைக்கிறேன். வேற ஏதாவது உதவி வேணுமா சார்? லைன்ல இன்னும் ஆள் நிக்கிறாங்க" என்றார்.

வேண்டாம் என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார். நான் போனைக் காதிலிருந்து எடுப்பதற்குள் பதிவு செய்த பெண்குரல் ஒன்று வந்தது. எங்கள் ஊழியரின் சேவை உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா? ஆமாம் என்றால் ஒன்றை அழுத்தவும், இல்லை என்றால் இரண்டை அழுத்தவும்.

ஒன்றை அழுத்தினேன். பீப் என்றது.